தலைக்குள்ள இருக்கிற பாட்டு

(எபிசோடின் ஒலிப்பதிவைக் கேட்டு எழுதித் திருத்திய வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் மனப்பாடம் பத்தி. "ஐயோ, மக்கப்பா?"ன்னு அடுத்த எபிசோடுக்குத் தாவறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் கொடுங்க.

ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம், வல்லம் வடகால் பக்கம் வேலைக்குப் போறவங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம். நிறைய ஃபேக்டரிகள்ல லைனுக்குள்ள போறதுக்கு முன்னாடி போனை லாக்கர்ல வெச்சுடணும். எட்டு மணி நேரம் பாட்டு கேட்க முடியாது, எதையும் தேட முடியாது. உங்ககிட்ட இருக்கிற ஒரே ஆஃப்லைன் காப்பி தலைக்குள்ள இருக்கிறதுதான். அதனால கம்பெனி பஸ்ல பக்கத்துல உட்கார்றவங்ககிட்ட கொஞ்ச நாளா ஒரு கேள்வி கேட்டுக்கிட்டு இருந்தேன். "உங்களுக்கு என்ன பாட்டு மனப்பாடமா தெரியும்? அது எப்போ ஞாபகத்துக்கு வரும்?"

முதல் பதில் எல்லாருக்கும் சினிமாப் பாட்டு. அது எதிர்பார்த்ததுதான். கொஞ்சம் தோண்டினா வேற விஷயம் வெளியே வருது. போர்டு செக் பண்ற ஒரு அக்கா, திருவண்ணாமலைப் பக்கம், கந்த சஷ்டி கவசத்தை மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டே வேலை பார்ப்பாங்களாம். "ரெண்டு தடவை சொல்லி முடிச்சா டீ பிரேக் கிட்ட வந்துடும்"னாங்க. பீகார்ல இருந்து வந்த ஒரு தம்பிக்கு அனுமான் சாலிசா முழுசும் தெரியும். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு ரூமுக்கு நடக்கும்போது சொல்வானாம். ஒரு சூப்பர்வைசர் அண்ணனுக்குப் பத்தாம் வகுப்புல மார்க்குக்காகப் படிச்ச குறள்ல அஞ்சாறு மிச்சம் இருக்கு. அதுல கோபத்தைப் பத்தின ஒண்ணு, மேனேஜர் கத்தும்போதெல்லாம் நாக்கு நுனிக்கு வருமாம். வெளிய சொன்னதில்லையாம், அது நல்லதுதான்.

பஸ் சீட்ல கேட்ட கதைதான் இது, ஆய்வெல்லாம் இல்லை. ஆனா அந்தக் கேள்வியோட ரெண்டாவது பாதி, "எப்போ வரும்"ங்கறது, அதுதான் எனக்கு முக்கியம். ஏன்னா இதே கேள்வியை 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து மக்களைப் பத்தி ஒருத்தர் கேட்டுப் புத்தகமே எழுதியிருக்காங்க.

அவங்க பேர் கேத்தரின் ராப்சன். புத்தகம் 'ஹார்ட் பீட்ஸ்', 2012ல வந்தது. விக்டோரியா ராணி காலத்துல பள்ளிக்கூடம் போன சாதாரண ஜனங்க, மில் தொழிலாளியோட பிள்ளைங்க, தலைக்குள்ள என்ன கவிதை இருந்தது, அது பின்னாடி அவங்க வாழ்க்கையில என்ன பண்ணுச்சுன்னு பார்க்கிற புத்தகம். பின்னணியைச் சுருக்கமா சொல்லிடறேன். 1862ல அங்கே ஒரு விதி வந்தது. பள்ளிக்கூடத்துக்கு அரசாங்கம் தர்ற பணம், இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைச் சோதிச்சுப் பார்க்கிற ரிசல்ட்டைப் பொறுத்தது. நம்ம பாஷையில கேபிஐ. அடுத்த இருபது வருஷத்துக்குள்ள செய்யுள் ஒப்பிக்கறதும் அந்தக் கணக்குல சேர்ந்துடுச்சு. ஆக, லட்சக்கணக்கான பிள்ளைங்க கவிதை மேல ஆசைப்பட்டு மனப்பாடம் பண்ணலை. பண்ண வைக்கப்பட்டாங்க.

ராப்சன் மூணு கவிதைகளை எடுத்துக்கறாங்க. ஒண்ணு, ஃபெலிசியா ஹெமன்ஸ் 1826ல எழுதின 'காசாபியாங்கா'. எரியற கப்பல்ல ஒரு சின்னப் பையன் நிக்கறான். அப்பா நகரக்கூடாதுன்னு சொல்லியிருக்கார். அப்பா செத்துட்டார்ங்கறது அவனுக்குத் தெரியாது. கப்பல் வெடிக்குது. கீழ்ப்படிதலைச் சொல்லிக்கொடுக்க இதைவிட வசதியான பாட்டு வாத்தியாருக்குக் கிடைக்குமா? பிரம்படியோட தாளமும் பாட்டோட தாளமும் ஒண்ணா உடம்புல ஏறின கதையா அதைப் படிக்கிறாங்க ராப்சன். பிள்ளைங்க பழி வாங்கினாங்க. அந்தப் பாட்டுக்கு அவங்க கட்டின கிண்டல் வடிவங்கள் எக்கச்சக்கம். கப்பல்ல நிக்கிற பையன் என்னென்னவோ பண்ணுவான். 1865ல வந்த 'ஆலிஸ்' கதையிலயும் பாருங்க, ஆலிஸ் பள்ளிக்கூடப் பாட்டைச் சொல்ல வாயைத் திறப்பா, வேற என்னவோ வரும். படிச்சவங்க சிரிச்சதுக்குக் காரணம், அசல் பாட்டு அவங்க எல்லார் தலையிலயும் இருந்தது.

ரெண்டாவது, தாமஸ் கிரே 1751ல வெளியிட்ட கல்லறைத் தோட்டத்துப் பாட்டு. வாய்ப்புக் கிடைச்சிருந்தா பெரிய ஆளா ஆகியிருக்கக்கூடியவங்க யாருக்கும் தெரியாம இங்கே புதைஞ்சு கிடக்காங்கன்னு சொல்ற கவிதை. ஸ்காலர்ஷிப்ல படிச்சு மேல வந்த ஏழை வீட்டுப் பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? ஊர்ல கூடப் படிச்சவனை விட்டுட்டு வந்தவனுக்கு அது வெறும் பாடம் இல்லை. முதல் தலைமுறையா இன்ஜினீயரிங் படிச்சு இங்கே வந்து நிக்கறவங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. சார்லஸ் உல்ஃப் எழுதி 1817ல வெளிவந்தது. போர்ல செத்துப்போன தளபதி ஜான் மூரை, சவப்பெட்டி கூட இல்லாம, ராத்திரியில அவசர அவசரமா புதைக்கிறதைப் பத்தினது. பத்து வயசுப் பையன் இதை ஒப்பிக்கும்போது அவனுக்கு ஒண்ணுமே புரிஞ்சிருக்காது. பிறகு அவன் சிப்பாயா போய், கூட இருந்தவனைத் தன் கையால புதைக்க வேண்டி வருது. அமெரிக்க உள்நாட்டுப் போர் சமயத்துல அப்படி இந்தப் பாட்டு திரும்பி வந்ததை ராப்சன் காட்டறாங்க. அர்த்தம் பள்ளிக்கூடத்துல வரலை. பாட்டு முன்னாடியே வந்து காத்துக்கிட்டு இருந்தது, அர்த்தம் பத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சு வந்தது.

சரி, இங்கிலாந்துக் கதை நமக்கெதுக்கு? ஒரு வேடிக்கை சொல்றேன். அந்த நூற்றாண்டோட தொடக்கத்துல அங்கே ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் பரவின விதத்துல ஒரு பங்கு சென்னையில இருந்து போனது. ஆண்ட்ரூ பெல்னு ஒரு பாதிரியார். 1789லேர்ந்து எழும்பூர்ல, சிப்பாய்களோட அநாதைப் பையன்களுக்கான விடுதிப் பள்ளியைப் பார்த்துக்கிட்டார். இங்கே திண்ணைப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க மணல்ல விரலால எழுதிப் படிக்கறதைப் பார்த்தார். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கிற முறையைத் தன் பள்ளியில புகுத்தினார். நம்ம ஊர்ல அந்தப் பெரிய பையனுக்குச் சட்டாம்பிள்ளைன்னு பேர். ஊருக்குத் திரும்பி 1797ல அதை எழுதிப் போட்டார். 'மெட்ராஸ் முறை'ன்னு பேர் வாங்கி அது இங்கிலாந்து முழுக்கப் பரவுச்சு. லண்டன் பையன் பெஞ்சுல உட்கார்ந்து கோரஸா ஒப்பிச்சதுல நம்ம திண்ணையோட சாயலும் கொஞ்சம் உண்டு.

அப்போ திண்ணையில என்ன நடந்தது? ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி, உலகநீதி. ஒருத்தன் சொல்ல மத்தவங்க திருப்பிச் சொல்லணும். கணக்குக்கு எண்சுவடி. அதுவும் வாய்ப்பாட்டுதான். முழு எண் மட்டும் இல்லை, பின்னமும் உண்டு. மா-ன்னா 20ல ஒண்ணு, காணி-ன்னா 80ல ஒண்ணு, முந்திரி-ன்னா 320ல ஒண்ணு. இதுகளைப் பெருக்கற வாய்ப்பாடெல்லாம் பையனுக்கு வாய்ல இருக்கணும். செந்தில் பாபுங்கற ஆய்வாளர் இந்தத் திண்ணைக் கணக்கைப் பத்தி விரிவா எழுதியிருக்கார், 2022ல ஆங்கிலத்துல புத்தகமா வந்தது. அவர் சொல்றது, நினைவுங்கறது அங்கே கத்துக்கறதுக்கு எதிரி இல்லை, கத்துக்கற முறையே அதுதான். நிலம் அளக்க, நெல் அளக்க, கூலி கணக்குப் பார்க்க, அந்த இடத்துலயே தலையில இருந்து எடுக்கணும். லைப்ரரியை இம்போர்ட் பண்ண நேரம் கிடையாது.

அகராதியும் அப்படித்தான். நிகண்டுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, சொல்லும் பொருளும் செய்யுளா இருக்கும். மண்டல புருடர் எழுதின சூடாமணி நிகண்டுல பதினொண்ணாவது தொகுதி, ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்ற பகுதி. அதை எதுகை வரிசையில அடுக்கியிருக்கார். அதாவது சொல்லோட முதல் எழுத்தை வெச்சு இல்லை, ரெண்டாவது எழுத்தை வெச்சு. ஏன்னு யோசிச்சுப் பாருங்க. பேப்பர்ல தேடறவனுக்கு முதல் எழுத்து வசதி. தலைக்குள்ள தேடறவனுக்கு எதுகை வசதி, ஏன்னா அடியோட ஓசையே அதுலதான் தொங்குது. ஸ்டோரேஜ் எங்கே இருக்கோ அதுக்கு ஏத்த மாதிரி இண்டெக்ஸ். டேட்டாபேஸ்ல வேலை பார்க்கறவங்க இதைக் கேட்டு எழுந்து நிக்கணும்.

இதோட உச்சத்தைப் பார்க்க நாம ரொம்ப தூரம் போக வேண்டாம். பெங்களூர் ஹைவேயை விட்டு ஸ்ரீபெரும்புதூர் ஊருக்குள்ள திரும்பினா ஆதிகேசவப் பெருமாள் கோயில். ராமானுஜர் பிறந்த ஊர் இது, 1017னு சொல்றது மரபு. ஷிஃப்ட் பஸ்ல தினமும் இந்த ஊரைக் கடந்து போறவங்கள்ல எத்தனை பேர் உள்ளே திரும்பியிருப்பாங்கன்னு தெரியலை. சித்திரை மாசம் திருவாதிரை அவரோட நட்சத்திரம், அந்த உற்சவ சமயத்துல ஒரு தடவை போய்ப் பாருங்க. வைணவக் கோயில் புறப்பாட்டுல ஒரு வழக்கம் உண்டு. சாமிக்கு முன்னாடி தமிழ்ப் பாசுரம் சொல்ற கோஷ்டி போகும். வேதம் சொல்றவங்க பின்னாடி வருவாங்க. முன்னாடி போறவங்க கையில பெரும்பாலும் புத்தகம் இருக்காது. மெயின் ரோட்டுல கன்டெய்னர் லாரி போய்க்கிட்டு இருக்கும், இங்கே நூத்துக்கணக்கான வருஷமா வாய்ல இருக்கிற பாட்டு நடந்து போய்க்கிட்டு இருக்கும்.

ராமானுஜர் மேல திருவரங்கத்து அமுதனார் பாடினது இராமானுச நூற்றந்தாதி. 108 பாட்டு. அதுல ஒவ்வொரு பாட்டுலயும் ராமானுஜர் பேர் வரும். வைணவர்கள் அதைப் பிரபன்ன காயத்ரின்னு சொல்வாங்க, தினமும் சொல்ல வேண்டியதுங்கற அர்த்தத்துல. பக்தியைப் பத்தி நான் பேசப் போறதில்லை, அதுக்கு வேற பாட்காஸ்ட் இருக்கு. அந்த 108ஐ ஒரு சிஸ்டமா பாருங்க.

முதல் அடுக்கு, அந்தாதி. ஒரு பாட்டு எந்தச் சொல்லுல முடியுதோ அதுலேர்ந்து அடுத்த பாட்டு தொடங்கும். அச்சு அசல் லிங்க்டு லிஸ்ட். ஒவ்வொரு நோடும் அடுத்த நோடோட முகவரியைத் தன் வாலில வெச்சிருக்கு. நீங்க 47க்கு அப்புறம் 49க்குத் தாவ முடியாது, தாவினா காது உடனே கண்டுபிடிச்சிடும். நம்மாழ்வாரோட திருவாய்மொழி இன்னும் பெரிசு, 1,102 பாட்டும் அந்தாதி. கடைசிப் பாட்டு முடியற இடம் முதல் பாட்டோட தொடக்கத்துல போய்ச் சேரும். சர்க்குலர் லிஸ்ட்.

ரெண்டாவது அடுக்கு, யாப்பு. நூற்றந்தாதி கட்டளைக் கலித்துறையில இருக்கு. நாலு அடி, அடிக்கு அஞ்சு சீர். இதுல எழுத்து எண்ணிக்கையே கட்டாயம். அடி நேரசையில தொடங்கினா 16 எழுத்து, நிரையசையில தொடங்கினா 17, புள்ளி வெச்ச எழுத்தைக் கணக்குல சேர்க்காம. இது செக்சம் இல்லாம வேற என்ன? நடுவுல ஒரு எழுத்து கழண்டா கணக்கு இடிக்கும். ஏட்டைப் பார்த்து எழுதறவன் தப்பு பண்ணினாலும் பிடிச்சுடலாம்.

மூணாவது அடுக்கு, ஆள். கோஷ்டியில ஒருத்தர் மறந்தா பக்கத்துல இருக்கறவர் குரல் இழுத்துக்கிட்டுப் போயிடும். இதுக்கு நாம ரெப்ளிகேஷன்னு பேர் வெச்சிருக்கோம்.

இந்த மூணும் சேர்ந்து ஒரு தடவை உண்மையாவே டேட்டாவை மீட்டதா வைணவ மரபுல ஒரு கதை இருக்கு. நாதமுனிகள் கதை. காட்டுமன்னார்கோயிலுக்கு வந்த யாத்திரிகர்கள் சிலர் கும்பகோணத்துப் பெருமாள் மேல ஒரு பதிகம் பாடறாங்க. அதோட கடைசிப் பாட்டு, இது ஆயிரத்துல பத்துன்னு சொல்லுது. "மிச்சம் எங்கே?"ன்னு நாதமுனிகள் கேட்கறார். "எங்களுக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்"ங்கறாங்க. அவர் ஆழ்வார்திருநகரி வரைக்கும் போறார். அங்கேயும் யாருக்கும் தெரியலை. பராங்குச தாசர்ங்கறவருக்கு மட்டும் மதுரகவியாழ்வாரோட பதினோரு பாட்டு, கண்ணிநுண் சிறுத்தாம்பு, தெரியும். அதை 12,000 தடவை சொல்றார் நாதமுனிகள். நம்மாழ்வார் தோன்றி நாலாயிரமும் கொடுத்ததா கதை முடியும். அற்புதத்தை நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். என்னைப் பிடிச்சு நிறுத்தினது யாத்திரிகர்கள் பகுதி. ஆயிரம் பாட்டு தொலைஞ்ச விஷயமே எப்படித் தெரிய வந்தது? பதிகத்தோட கடைசிப் பாட்டுல பாடினவர் பேரும் மொத்த எண்ணிக்கையும் பொதிஞ்சு வெச்சிருக்காங்க. பத்துப் பாட்டு மட்டும் தப்பிச்சாலும் "நான் ஆயிரத்துல ஒரு துண்டு"ன்னு அது சொல்லும். நாம ஃபைலை உடைச்சு அனுப்பும்போது ஹெடர்ல எழுதறதும் இதைத்தான்.

இதெல்லாம் கோயில், பண்டிதர் சமாச்சாரம்னு தோணலாம். அவதானம் மாதிரி வித்தையும் இருந்தது. 1907ல செய்குத்தம்பிப் பாவலர் சென்னை விக்டோரியா ஹால்ல ஒரே நேரத்துல நூறு விஷயத்தைக் கவனத்துல வெச்சுக் காட்டினார். பிரமிப்புதான், ஆனா அது அபூர்வ ஹார்ட்வேர். நான் கேட்கறது தினசரி ஆள் கதை.

தினசரி ஆளுக்குத் தனிப்பாடல் இருந்தது. காளமேகப் புலவர் பாட்டுகள் ஊர் ஊரா வாய்மொழியாவே சுத்திக்கிட்டு இருந்தது. நாகப்பட்டினம் சத்திரத்துல சோறு ரொம்ப லேட்டாச்சு. அரிசி வந்து இறங்கவே சாயங்காலம், இலையில விழறதுக்குள்ள விடிஞ்சுடும்ங்கற மாதிரி ஒரு பாட்டு அவர் பேர்ல இருக்கு. சாப்பாடு லேட்டான எந்த இடத்துலயும் அது உதவும். கேன்டீன் க்யூவுல நிக்கும்போது ஒருத்தர் அதைச் சொன்னா இன்னொருத்தர் சிரிப்பார், புகார் கொடுத்த மாதிரியும் ஆச்சு, கொடுக்காத மாதிரியும் ஆச்சு. இப்படிச் சுத்தின பாட்டுகளை 19ஆம் நூற்றாண்டுல ராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர் சொல்லி, தில்லையம்பூர் சந்திரசேகர கவிராச பண்டிதர் தொகுத்து 'தனிப்பாடல் திரட்டு'ன்னு அச்சாக்கினார். அங்கே பாட்டு ரசனைக்கு மட்டும் இல்லை. வாயை அடக்க வேண்டிய இடத்துல வாயைத் திறக்க ஒரு வழி.

அப்புறம் அந்த அக்கா சொன்ன கவசம். அது ஏதோ சங்க காலத்துலேர்ந்து வர்றதுன்னு பலரும் நினைக்கிறாங்க. தேவராய சுவாமிகள் எழுதினது, 19ஆம் நூற்றாண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்டப் பாடம் கேட்டவர்னு சொல்வாங்க. அதாவது விக்டோரியா காலத்துப் பாட்டு! லண்டன் பையன் கப்பல் பாட்டை ஒப்பிச்ச அதே நூற்றாண்டுல இங்கே எழுதினது. அந்தக் கப்பல் பாட்டை இன்னைக்கு அங்கே எத்தனை பேர் முழுசா சொல்வாங்க? கவசத்தைச் சொல்ல இந்த ரோட்டுல ஒரு டீக்கடைக்கு ஒருத்தர் கிடைப்பார். சூலமங்கலம் சகோதரிகள் பாடின ரெக்கார்டு அதுக்குப் பெரிய காரணம், ஒத்துக்கறேன். ஆனா கட்டமைப்பும் ஒரு காரணம். கவசம் உடம்பு வழியா நகரும். தலை, நெற்றி, கண், காதுன்னு கீழே இறங்கிப் பாதம் வரைக்கும் போகும். அடுத்து எதுன்னு மறந்தா உங்க உடம்பைத் தொட்டுப் பார்த்தா போதும். எங்கேயும் தொலைக்க முடியாத இண்டெக்ஸ்.

இப்போ மனப்பாடத்துக்கு எதிரான சாட்சி. நியாயமா அதையும் சொல்லணும். 1880 அக்டோபர், கும்பகோணம். உ.வே.சாமிநாதையருக்கு 25 வயசு, காலேஜ்ல தமிழ் வாத்தியார். அவரும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோட மாணவர்தான். புதுசா வந்த முன்சீப் சேலம் ராமசாமி முதலியாரைப் பார்க்கப் போறார். "என்ன படிச்சிருக்கீங்க?" ஐயர் பட்டியல் போடறார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவைன்னு அடுக்கிக்கிட்டே போறார். முதலியார் அசரலை. "இதெல்லாம் படிச்சு என்ன பிரயோஜனம்? சீவக சிந்தாமணி படிச்சிருக்கீங்களா?"ங்கற மாதிரி கேட்கறார். படிக்கலை. நாட்டுலேயே பெரிய ஆசிரியர்கிட்ட வருஷக்கணக்கா பாடம் கேட்டவர் தலைக்குள்ள சிந்தாமணி இல்லை.

இதைத்தான் கேஷ் பிரச்சினைன்னு நான் சொல்வேன். அடிக்கடி கூப்பிடறது மேலேயே இருக்கும், கூப்பிடாதது வெளியே போயிடும். அந்தாதியை ஊரே சொல்லிக்கிட்டு இருந்தது, அது பிழைச்சது. சிந்தாமணி ஜைன காப்பியம். மடத்துப் பாடத்திட்டத்துல அதுக்கு இடம் இல்லை. ஆனா கதை இங்கே முடியலை. உரையைப் புரிஞ்சுக்க முடியாமத் திண்டாடிக்கிட்டு இருந்த ஐயருக்குப் பிறகுதான் தெரிய வருது, அதே கும்பகோணத்துல ஜைனர் வீட்டுல சிந்தாமணியை மாசக்கணக்கா பாராயணம் மாதிரி படிச்சு, முடிச்சதைக் கொண்டாடிக்கிட்டு இருக்காங்கன்னு! பாட்டு தொலையவே இல்லை. பக்கத்துத் தெருவுல பத்திரமா இருந்தது. அந்தத் தெருவுக்கும் இந்தத் தெருவுக்கும் நடுவுல ரூட்டிங் இல்லை, அவ்வளவுதான். அவங்ககிட்டக் கேட்டுக் கேட்டுத்தான் 1887ல அவர் பதிப்பு வந்தது.

என்னைப் பொறுத்தவரை இந்த இடம்தான் எபிசோடோட முதுகெலும்பு. மனப்பாடம் எப்பவுமே ஒரு கூட்டத்தோட மனப்பாடம். எந்தக் கோஷ்டியில நீங்க நிக்க முடியும்ங்கறதைப் பொறுத்து உங்க தலைக்குள்ள என்ன ஏறும்ங்கறது முடிவாகுது. திண்ணைப் பள்ளிக்கூடத்துத் திண்ணை எல்லாருக்கும் இடம் கொடுக்கலை. தலித் பிள்ளைகளும் பெரும்பாலான பெண் பிள்ளைகளும் அதுக்கு வெளியேதான் நின்னாங்க. அவங்ககிட்டப் பாட்டு இல்லாம இல்லை. தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் மனப்பாடம் இல்லையா? எழவு வீட்டுல உட்கார்ந்த இடத்துல செத்தவரோட பேரையும் உறவையும் பழைய அடிகளுக்குள்ள பொருத்திப் பாடற ஒரு பாட்டியை எந்தப் பண்டிதருக்கும் குறைஞ்சவங்கன்னு என்னால சொல்ல முடியாது. டெம்ப்ளேட் தலையில இருக்கு, வேரியபிள் மட்டும் மாறுது. ஆனா அதை எந்த இன்ஸ்பெக்டரும் வந்து ஒப்பிக்கச் சொல்லி மார்க் போடலை, அச்சுக்கும் ரொம்ப லேட்டாத்தான் போச்சு.

இங்கிலாந்துல நடந்தது கொடுமையா இருந்தாலும் ஒரு பக்க விளைவு உண்டு. எல்லா வகுப்புப் பிள்ளைங்க தலையிலயும் ஒரே பத்திருபது பாட்டு இருந்தது. அதனாலதான் கிண்டல் பண்ண முடிஞ்சது. நம்மகிட்ட அதுக்கு நெருக்கமானது ஆத்திசூடி. பாரதி 1914ல புதிய ஆத்திசூடி எழுதி அவ்வையோட பல கட்டளைகளை நேர் எதிராத் திருப்பினாரே, அது வேலை செய்யக் காரணம், பழசு எல்லார் வாயிலயும் இருந்தது. அசல் தெரியாதவனுக்கு ஃபோர்க் புரியாது.

இன்னைக்கு இந்தக் காரிடாரைப் பாருங்க. வல்லம் வடகால்ல 2024ல திறந்த பெண் தொழிலாளர் விடுதியில மட்டும் 18,720 பேர் தங்க இடம். தர்மபுரி, ராமநாதபுரம், அசாம், ஒடிசான்னு பல ஊர்ப் பொண்ணுங்க இந்த ஏரியா விடுதிகள்ல ஒரே ரூம்ல தூங்கறாங்க. ஒவ்வொருத்தர் தலைக்குள்ளயும் ஒரு கும்பகோணத்துத் தெரு இருக்கு. தமிழ்ப் பிள்ளைங்களுக்குப் பொதுவா என்ன இருக்குன்னு யோசிச்சா, சினிமாப் பாட்டு ஒண்ணு, குறள் ஒண்ணு. குறள் பள்ளிக்கூடத்தால மட்டும் இல்லை, அரசு பஸ்ல டிரைவர் தலைக்கு மேல எழுதி வெச்சிருக்கறதாலயும்தான். நின்னுக்கிட்டே போற ஒரு மணி நேரத்துல வேற எதைப் படிக்கறது? 1,330 குறளும் ஒப்பிக்கிற மாணவருக்கு அரசாங்கம் பரிசு கொடுக்குது, 10,000 ரூபாயா இருந்து 15,000 ஆச்சு. நல்ல விஷயம். ஆனா அது இன்னொரு அவதானம், சில பேருக்கானது. எல்லாப் பிள்ளைக்கும் பத்தே பத்து பாட்டு, மார்க் இல்லாம, பிரம்பு இல்லாம, பத்து வெவ்வேற தெருவுலேர்ந்து எடுத்து. தேவாரத்துலேர்ந்து ஒண்ணு, சீறாப்புராணத்துலேர்ந்து ஒண்ணு, சிந்தாமணியிலேர்ந்து ஒண்ணு, ஒப்பாரியிலேர்ந்து ஒண்ணு. பாடத்திட்டம் போடற அதிகாரம் எனக்கு இருந்தா இதைத்தான் பண்ணுவேன்.

"புரியாம மனப்பாடம் பண்ணி என்ன பிரயோஜனம்?"னு கமென்ட் வரும்னு தெரியும். இன்ஜினீயரிங் காலேஜ்ல நாம நாலு வருஷம் அதைத்தான் திட்டிக்கிட்டு இருந்தோம், அந்தத் திட்டு நியாயமானது. ஒரு ஃபார்முலாவைப் புரியாம உரு போட்டா பரீட்சை முடிஞ்ச மறுநாள் செத்துடும், ஏன்னா அதைப் பிடிச்சு வெச்சுக்க ஓசை எதுவும் இல்லை. செய்யுள் வேற. அது புரியாமலே உள்ளே இருக்கறதுக்குன்னு கட்டினது. எதுகையும் அந்தாதியும் எழுத்துக் கணக்கும் அந்தக் காத்திருப்புக்கான ஏற்பாடு. பத்து வயசுல ஏத்தின பாட்டுக்கு முப்பது வயசுல ஒரு ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவுல அர்த்தம் வரும். அந்த நேரத்துல போன்ல தேடலாமேன்னா, எதைத் தேடறதுன்னு தெரியணுமே.

சரி, உங்க முறை. உங்களுக்கு எந்தப் பாட்டு தெரியும், அது எந்த நேரத்துல தானா வந்ததுன்னு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. ராகமா பாட வேண்டாம், தப்பா சொன்னாலும் பரவாயில்லை, எந்த மொழியா இருந்தாலும் சரி. முக்கியமா, யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல எண்சுவடிப் பின்னங்களை எடுத்துக்கலாம். முந்திரியைக் காணியால பெருக்கினா என்ன வரும்னு அதுக்குள்ள போட்டுப் பார்த்து வைங்க, கால்குலேட்டர் இல்லாம.